தேரி மணலில் ஓர் இல்லறம்

மேலைநாட்டிலிருந்து வந்து தமிழுக்குத் தொண்டாற்றிய சான்றோரை எண்ணுந்தொறும் நெஞ்சில் முதலில் எழுவது துறவுக் கோலமே. தத்துவ போதகர் மதுரையில் காவியுடை பூண்டு துறவியாக வாழ்ந்தார். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரோடும் தொடர்புடைய வீரமாமுனிவர், பெயரிலேயே முனிவராக நிலைத்துவிட்டார். இவ்விருவரும் சேசு சபைத் துறவியர். ஆனால் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ தந்த இராபர்ட்டு கால்டுவெல் இல்லறத்தார். மனைவி, மக்கள், வீடு, விருந்தினர் என்னும் வாழ்க்கையை நெல்லைச் சீமையின் தேரி மணலில் நாற்பதாண்டுகளுக்கு மேல் நடத்தியவர். ஒப்பிலக்கணத்தைப் போற்றுவோர் பலர். அது விளைந்த வீட்டை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வீட்டை அறியாமல் அந்நூலை முழுதும் அறிய இயலாது.

பிறப்பும் பயணமும்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தினர். இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சமயத் தொண்டில் உள்ளம் ஈடுபட்டதால் தூரிகையைக் கைவிட்டு இலண்டன் மிசன் சங்கத்தில் சேர்ந்து, கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் கற்றார். அங்குக் கிரேக்கப் பேராசிரியராக இருந்த சாண்ட்ஃபோர்டின் பாடங்களே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருள் விதைத்தன.

1837இல் அவர் ஏறிவந்த ‘மேரி ஆன்’ என்னும் கப்பல், வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. அந்தக் கப்பல் மூழ்கிப் பல உயிர்கள் மாண்டன. பழுதுபட்ட மேரி ஆன் பிளிமத் துறைமுகத்தில் செப்பனிடப்பெற்றுப் பயணத்தைத் தொடர்ந்தது. பின்னாளில் தெலுங்குக்கு அருந்தொண்டாற்றியவராகப் போற்றப்படும் சி. பி. பிரௌனும் அதே கப்பலில் வந்தார். பயணத்தினிடையே அவரிடம் கால்டுவெல் இந்திய மொழிகளைப் பற்றிப் பலவும் கேட்டறிந்தார். 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையில் கரையிறங்கியபோது அவருக்கு அகவை இருபத்து மூன்று. சென்னையில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த துரு பாதிரியாரின் நட்பு வாய்த்தது. தமிழ்க் கல்வி அங்குத் தொடங்கியது.

1841இல் அவர் சங்கம் மாறி, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தில் இணைந்தார். திருநெல்வேலிக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டார். பல்லக்கும் வண்டியும் கிடைக்கும் காலத்தில், மக்களை அறிய வேண்டும் என்னும் வேட்கையால் பெரும்பாலும் கால்நடையாகவே புறப்பட்டார். சிதம்பரம், தரங்கம்பாடி, குடந்தை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, நீலமலை, மதுரை எனச் சுற்றிச்சென்ற அந்நெடும்பயணத்தில், ஊருக்கு ஊர் வேறுபடும் தமிழை அவர் செவி பயின்றது. அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

பாலையில் ஓர் ஊர்

இடையன்குடி நெல்லைச் சீமையின் தென்கிழக்கு மூலையில், கடலிலிருந்து சில கல் தொலைவில் உள்ளது. செந்நிறத் தேரி மணல், பனங்காடு, கோடையில் வீசும் புழுதிக்காற்று ஆகியவையே அதன் செல்வம். பனையேறிகள் விடியலிலும் மாலையிலும் மரமேறிப் பதநீர் இறக்குவர். பெண்டிர் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். பருவம் தவறினால் பசி. பருவம் வாய்த்தாலும் கடன். இத்தகைய ஊரில் சில காலம் தங்கிப் போவது எளிது, குடியிருப்பதே அரிது.

கால்டுவெல் குடியிருக்கவே வந்தார். ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்த குடிசைகளுக்கு நடுவே நேரிய தெருக்களை வகுத்தார். கிணறுகள் தோண்டச் செய்தார். நிழல் தரும் மரங்கள் நடுவித்தார். புதிதாகச் சமயத்தில் சேர்ந்தோர்க்கு மனைகள் ஒதுக்கப்பட்டன, பள்ளிகள் எழுந்தன. 1847இல் அவ்வூர்த் தேவாலயத்திற்கு அடித்தளம் இடப்பட்டது. டப்ளினில் பயின்ற ஓவியக் கல்வி இங்குத்தான் பயன்பட்டது. மேலைநாட்டுக் கூர்வளைவுச் சாளரங்களை முன்பின் கண்டிராத உள்ளூர்க் கொத்தர்க்கு விளங்குமாறு, அவற்றின் வடிவைக் களிமண்ணில் தாமே செய்து காட்டினார் என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். பணம் வந்தபோது சுவர் உயர்ந்தது; வாராதபோது நின்றது. 1880இல்தான் ஆலயம் நிறைவுற்றுத் திறக்கப்பட்டது. அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. அடித்தளமிட்ட நாளில் பிறந்த குழந்தை, பேரப்பிள்ளையைக் காணும் வயதை நெருங்கும் காலம் அது.

வாழ்க்கைத் துணை

1844இல் கால்டுவெல் எலிசா மால்ட் என்னும் பெண்மணியை நாகர்கோவிலில் மணந்தார். எலிசாவின் தந்தையார் சார்லசு மால்ட் 1819 முதல் நாகர்கோவிலில் பணியாற்றிய இலண்டன் மிசன் பாதிரியார். தாயார் மார்த்தா மால்ட் அங்குப் பெண்களுக்கு விடுதிப்பள்ளி நடத்தி, லேஸ் பின்னல் கற்பித்தவர். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய அந்நாளில், அப்பின்னல் தொழிலால் ஈட்டிய கூலியைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்ற பெண்களும் இருந்தனர். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் எலிசா. கால்டுவெல் ஏட்டிலும் ஆசிரியரிடத்தும் கற்ற தமிழ், எலிசாவுக்கு மழலைப் பருவத்திலேயே வாய்த்திருந்தது.

இம்மணத்தை எண்ணும்போது ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த மற்றொரு மணம் நினைவுக்கு வருதல் இயல்பு. அதே இலண்டன் மிசன் சங்கம் 1840இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியவர் டேவிட் லிவிங்ஸ்டன். அவரும் கிளாசுகோவில் பயின்றவர். 1845இல் அவர் மணந்த மேரி, குருமானில் பணியாற்றிய இராபர்ட்டு மொஃபட் பாதிரியாரின் மகள். எலிசாவைப் போலவே தொண்டர் குடும்பத்தில், பெற்றோர் பணியாற்றிய மண்ணிலேயே பிறந்தவர். லிவிங்ஸ்டன் இணையர் கொலொபெங்கில் வீடு கட்டியது 1847இல். இடையன்குடி ஆலயத்திற்கு அடித்தளம் இட்டதும் அதே ஆண்டில். இவ்வளவில் ஒப்புமை முடிகிறது. லிவிங்ஸ்டனை ஆறுகளும் அருவிகளும் அழைத்தன. 1852இல் மனைவி மக்களைக் கப்பலேற்றிப் பிரித்தானியாவுக்கு அனுப்பிவிட்டுக் கண்டத்தின் நடுவே சென்றார். கொலொபெங் வீடு அவ்வாண்டிலேயே சூறையாடப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் கணவரைத் தேடிவந்த மேரி, 1862இல் சாம்பசி ஆற்றங்கரையில் காய்ச்சலால் உயிர் நீத்தார். ஒருவர் நிலத்தின் ஆழத்தை அளக்கச் சென்று இல்லத்தை இழந்தார். மற்றவர் ஓர் இல்லத்தில் தங்கி மொழியின் ஆழத்தை அளந்தார். உலகம் முன்னவரைப் பெரிதும் அறியும். எனினும் நிலைத்திருத்தலும் ஓர் அருஞ்செயலே என்பதற்கு இடையன்குடி சான்றாகிறது.

திறந்திருந்த வாயில்

வள்ளுவர் இல்வாழ்க்கையையும் வாழ்க்கைத் துணைநலத்தையும் மக்கட்பேற்றையும் கூறியபின் விருந்தோம்பலை வைத்தார். கால்டுவெல் இல்லத்தின் கதையும் அவ்வரிசையிலேயே நடந்தது. இடையன்குடிக்கு வந்த ஆண்டிலேயே எலிசா பெண்குழந்தைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கினார். அந்நாளில் பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேளாத வீடு அரிது. விறகு பொறுக்கவும் தம்பி தங்கையரைப் பேணவும் வேண்டிய பெண்ணைப் பள்ளிக்கு விடுவது ஏழைக் குடும்பத்திற்கு இழப்பாகவும் தோன்றியது. எலிசா தம் தாயின் வழியையே மேற்கொண்டார். எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். கைத்தொழில் கூலி தந்தது. கூலி, கல்விக்கு வழி திறந்தது. பனையோலைக் கூரையின் கீழ்ப் பின்னப்பட்ட அந்த நுண்பின்னல் கடல்கடந்த நாடுகளிலும் விலைபோயிற்று.

இருவருக்கும் மக்கள் எழுவர். தம் மக்களை வளர்த்துக்கொண்டே பிறர் மக்களையும் அவ்வீடு ஏற்றது. பழைய உறவை விட்டுப் புதிய சமயத்தில் சேர்ந்ததால் ஆதரவிழந்து நின்றோரும், கல்விக்காக வந்த சிறுவரும், மருந்து கேட்டு வந்தோரும், வழக்குத் தீர்க்க வந்தோரும் நாள்தோறும் அவ்வாயிலை நாடினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது அவ்வரவு வெள்ளமாயிற்று. 1877இல் கால்டுவெல் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். திரும்பிவந்தவரை எதிர்கொண்டது பசித்த கூட்டமே. அறுபதைக் கடந்த அகவையில், நலிந்த உடலோடு, கஞ்சி வார்க்கவும் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பேணவும் ஏற்பாடுகள் செய்தார். பல்லாயிரவர் அக்காலத்தில் திருச்சபையில் சேர்ந்தனர். பசியால் வந்தனரா, பற்றால் வந்தனரா என்னும் வினா அன்றே எழுந்தது. வந்தவர் எக்காரணத்தால் வந்தாரெனினும் பசித்தவர்க்குச் சோறிடுதலில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

வீட்டிலிருந்து விளைந்த நூல்

உடல்நலம் குன்றியதால் 1854இல் தாயகம் சென்ற கால்டுவெல், 1856இல் இலண்டனில் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகள் தனியினம் என்னும் கருத்தை 1816இலேயே எல்லிசு எடுத்துரைத்திருந்தார். அதை விரிவான சான்றுகளால் நிலைநாட்டியவர் கால்டுவெல். முதற்பதிப்பில் ஒன்பது மொழிகளை ஒப்பிட்டார். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை பன்னிரண்டாயின. வடமொழியின் வழிவந்தது தமிழ் என்னும் கொள்கை அந்நூலால் வலுவிழந்தது.

அவர் சான்றுகளைத் தேடிய இடம் குறிப்பிடத்தக்கது. கடனாக வந்துசேரும் கலைச்சொற்களை விடுத்து, எளிதில் இடம்பெயராத மூவிடப் பெயர்களையும் எண்ணுப்பெயர்களையும் வினைவிகுதிகளையும் பற்றி நின்றார். வடமொழியே தென்மொழியிலிருந்து பெற்றிருக்கலாம் என அவர் பட்டியலிட்ட சொற்களில் அக்கா, நீர், மீன் என்பவை உண்டு. இவை ஏட்டில் மட்டும் வழங்குவன அல்ல. கிணற்றடியிலும் அடுக்களையிலும் நாள்தோறும் ஒலிப்பவை. கற்றோர் தமிழோடு மட்டும் பழகியிருந்தால் இச்சொற்களின் எடையை இவ்வளவு நுட்பமாக உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே. இவ்விடத்தில் எலிசாவின் பங்கு எவ்வளவு என்பதை எந்நூலின் முகப்பும் சொல்வதில்லை. ஆயினும் தமிழையே பிறந்த வீட்டு மொழியாகக் கொண்ட துணைவியோடு வாழ்ந்தவர்க்கு அவ்வாழ்வே நாள்தோறும் ஒரு பாடமாக அமைந்திருத்தல் உறுதி.

திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு இணைக்க அவர் முயன்றதைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆனால் திராவிடக் குடும்பம் தனித்தது என்னும் அடிப்படை அசையாமல் நிற்கிறது. 1961இல் பரோவும் எமனோவும் தந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அவ்வடிப்படையின் மேல் எழுந்ததே.

வீட்டார் மனம் புண்பட்ட கதை

கால்டுவெல் வாழ்வைப் போற்றுவோர் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 1849இல் அவர் தம்மைச் சூழ வாழ்ந்த பனைத்தொழில் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தாயகத்தார் பணிக்குப் பொருளுதவ வேண்டும் என்னும் நோக்கம் அதில் இருந்தது. அதற்காக அம்மக்களின் தாழ்வை மிகைபடக் காட்டியது அந்நூல். அவர்தம் அறிவையும் வரலாற்றையும் குறைத்து மதித்தது. மொழிக்கு நேர்மை காட்டிய எழுதுகோல் மக்களுக்கு அந்நேர்மையைக் காட்டத் தவறியது. அம்மக்களின் பிள்ளைகள் அவர் போன்றோர் நடத்திய பள்ளிகளிலேயே ஆங்கிலம் கற்று, அந்நூலைத் தாமே படித்தறிந்தபோது கொதித்தெழுந்தனர். மறுப்பு நூல்கள் எழுதினர். அரசுக்கு முறையீடுகள் அனுப்பினர். இறுதியில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

தாம் அளித்த எழுத்தறிவே தம் எழுத்தை எடைபோட்டதைக் கால்டுவெல் தம் வாழ்நாளிலேயே கண்டார். இது அவர்தம் பணியின் தோல்வியன்று. ஒரு வகையில் அதன் நிறைவே எனலாம். எனினும் புண்பட்ட நெஞ்சங்களை இவ்விளக்கம் ஆற்றிவிடாது. விருந்தோம்புபவர் சோறும் மனையும் தந்தால் மட்டும் போதாது. வந்தாரைப் பற்றிப் பேசும் சொல்லிலும் மதிப்பு இருத்தல் வேண்டும். எழுதுவோர் எக்காலத்தும் எண்ணத்தக்க பாடம் இது.

இறுதி ஆண்டுகள்

1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி வெளியிட்ட கால்டுவெல், 1883இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். கல்லூரிப் பணி அங்கு அவரை அழைத்தது. 1891 தொடக்கத்தில் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் சென்றார். அவ்வாண்டு ஆகத்து 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவருடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு நெடுந்தொலைவு கொண்டுவரப்பெற்று, தாம் எழுப்பிய இடையன்குடி ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதி வைத்திருந்த வாழ்க்கை நினைவுகளை மருமகன் வையாட் 1894இல் பதிப்பித்தார். எலிசா 1899இல் மறைந்து, கணவருக்கருகிலேயே துயில்கொண்டார்.

1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எடுக்கப்பட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழக அரசு புதுப்பித்து 2011இல் நினைவில்லமாக்கியது. கடற்கரைச் சிலையில் அவர் தனித்து நிற்கிறார். இடையன்குடி ஆலயத்தில் கல்லறைகள் இரண்டு.