குதிரை வைத்தியர் ஈவான்ஸ்

கல்யாணில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஒரு தபேலா இருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்துள்ள நண்பர்கள் வாத்தியத்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். மும்பைப் பக்கத்தில் எருமைக் கொட்டிலுக்கு அதுதான் பெயர். சென்ற மழைக்காலத்தில் அங்கே நல்ல கறவை எருமை ஒன்று நோயில் விழுந்தது. இரண்டு நாள் காய்ச்சல், நான்கு நாள் சுகம், மீண்டும் காய்ச்சல். பால் வற்றிற்று, விலா எலும்பு தெரிந்தது. முதலில் வந்த மூத்த மருத்துவர் மழைக்காலச் சோர்வு என்று கருதிச் சத்தூசி போட்டுச் சென்றார். பத்து நாள் கழித்து வேறொரு இளைய மருத்துவர் வந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் கால்நடை மருத்துவர்களுக்கான புத்தொளிப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தவராம். எருமையின் காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார்.

நான் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. மாணவன் என்று என் தந்தையார் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தபடியால் எனக்கும் பார்க்கக் கிடைத்தது. முதலில் கிருமி தெரியவில்லை. சிவப்பணுக்கள் மட்டும் கூட்டத்தில் யாரோ இடித்தாற்போல் அங்கங்கே துள்ளின. உற்றுப் பார்த்த பிறகே, இடித்தவன் தெரிந்தான்: மெல்லிய நாடாவைப் போல் நெளிந்து ஓடும் ஓர் உயிர். அதன் பெயர் டிரிப்பனோசோமா ஈவான்சி. நோயின் பெயர் சுர்ரா. பெயரில் உள்ள அந்த ஈவான்ஸ் யார் என்று மருத்துவர் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. வெட்கத்தோடு வீடு திரும்பியவன், அதன் பிறகு தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

கிரிஃபித் ஈவான்ஸ் 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் டவின் என்னும் ஊரருகே பிறந்தார். லண்டன் அரசக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1855-இல் தேறினார். (நம் கல்யாணுக்கு இரயில் வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது!) சில காலம் தனியே தொழில் நடத்தி, 1860-இல் பீரங்கிப் படையின் குதிரை வைத்தியரானார். மறு ஆண்டு படையோடு கனடா சென்றார்.

பட்டமும் உத்தியோகமும் கிடைத்தாயிற்று. இனி என்ன குறை? நம்மில் பலர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவோம். ஈவான்ஸோ மாண்ட்ரீலில் குதிரைகளைக் கவனித்துக் கொண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவம் பயின்று, 1864-இல் அந்தப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரைக் காணச் சென்று லிங்கனையும் சந்தித்தார். அது வேறு கதை.

1877-இல் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கோக் என்னும் ஜெர்மானியர், அடைப்பான் நோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று நிறுவியிருந்தார். அச்செய்தியின் மை உலருமுன்னே, நம் நாட்டுக் குதிரை இலாயத்தில் உருப்பெருக்கியும் கையுமாக ஒரு படை வைத்தியர் நின்றார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1880-இல் சிந்து நதியின் மேல்கரையில், இன்று பாகிஸ்தானில் உள்ள டேரா இஸ்மாயில் கானில், படைக்குதிரைகள் மடிந்துகொண்டிருந்தன. ஒட்டகங்களையும் அந்நோய் விடவில்லை. அங்குள்ளோர் அதைச் சுர்ரா என்றனர். அரசாங்கம் ஈவான்ஸை அனுப்பிற்று. நோயுற்ற குதிரையின் இரத்தத்தில் நெளியும் உயிர்களை அவர் கண்டார். கண்டதோடு நிற்கவில்லை. அந்த இரத்தத்தை நலமான குதிரைக்கும் நாய்க்கும் செலுத்தினார். அவற்றின் இரத்தத்திலும் அவ்வுயிர் பெருகிற்று, அவையும் நோயுற்றன. பெரிய ஈக்கள் கடிப்பதால் நோய் வருகிறது என்று அவ்வூரார் நம்பியதையும் ஏளனம் செய்யாமல் குறித்து வைத்தார்.

அறிக்கை மேலிடம் போயிற்று, ஏற்பார் இல்லை! கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1878-இல் எலிகளின் இரத்தத்தில் இதே இனத்து உயிரைக் கண்டிருந்தார். அந்த எலிகள் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே இரத்தத்தில் இவ்வுயிர் இருப்பது நோய்க்குக் காரணம் ஆகாது என்பது அன்றைய அறிஞர் முடிவு. இவர்களை மூடர் என்று ஏசிவிடலாகாது. எலியிலுள்ள வகை எலிக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. அவர்கள் கண்டது உண்மைதான். எலிக்குச் சரியானதைக் குதிரைக்கும் சரியென்று கொண்டதே பிழை. போதாக்குறைக்கு, இக்கிருமி ஒரு நாள் இரத்தத்தில் மொய்க்கும். மறுநாள் தேடினாலும் அகப்படாது. உடலின் காவற்படை அடையாளம் கண்டு அழிக்கத் தொடங்கும் போதெல்லாம், எஞ்சியவை மேற்சட்டையை மாற்றிக்கொண்டு புதிதாகப் பெருகும். எங்கள் தபேலா எருமைக்குக் காய்ச்சல் வந்து வந்து போனதன் இரகசியம் அதுதான்.

ஈவான்ஸுக்குத் துணையாக வந்தவர் ஜான் ஹென்றி ஸ்டீல். இந்தியாவில் மூலைக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த கால்நடை மருத்துவர்கள், தாம் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமென்று, ஃபிரெடரிக் ஸ்மித்தோடு சேர்ந்து 1882-இல் ஒரு காலாண்டிதழ் தொடங்கியவர். யானை நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1885-இல் நம் சென்னையில்தான் அச்சாயிற்று. அதே ஆண்டில் பர்மாவில் கோவேறு கழுதைகளின் இரத்தத்தில் அவ்வுயிரைக் கண்டு, அதற்கு ஈவான்ஸின் பெயரையே சூட்டினார். அது எந்த இனம் என்பதில் ஸ்டீல் தவறினார்; சுருள் கிருமி என்று எண்ணிவிட்டார். பின்வந்தோர் இனப்பெயரைத் திருத்தினர். ஈவான்சி மட்டும் நிலைத்தது. 1886-இல் பரேலில் தொடங்கிய பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முதல் தலைவர் இந்த ஸ்டீலே. பரேல் நிலையத்தில் நெரிசலில் இறங்கும் நம் நண்பர்களுக்கு இது எத்தனை பேருக்குத் தெரியும்? 1891-இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார்.

ஈவான்ஸ் 1890-இல் ஓய்வு பெற்று வேல்ஸ் திரும்பினார். பாங்கர் நகரக் கல்லூரியில் கால்நடைச் சுகாதாரம் கற்பித்தார். அதற்குள் ஆப்பிரிக்காவில் 1890-களில் புரூஸ், மாடுகளைக் கொல்லும் நகானா நோய்க்கு இவ்வினத்து உயிரே காரணமென்று காட்டினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதரின் தூக்க நோயிலும் அதன் உறவினன் அகப்பட்டான். விலங்கை வாட்டும் டிரிப்பனோசோம் ஒன்றை முதன்முதல் காட்டியவர் யார் என்று உலகம் திரும்பிப் பார்த்தது. 1917-இல் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஸ்டீலின் நினைவாக நிறுவிய பதக்கமும் அவரை வந்தடைந்தது. நூறாவது பிறந்த நாளையும் கண்டு, 1935 டிசம்பரில் காலமானார்.

எங்கள் எருமைக்கு இளைய மருத்துவர் குயினாபிரமின் ஊசி போட்டார். இப்போது தீவனம் தின்கிறது. பாலும் சிறிது ஏறியிருக்கிறது. முதலில் வந்த மூத்தவரும் ஒரு நாள் மாலை வந்து அந்தக் கண்ணாடித் தகட்டை நெடுநேரம் பார்த்தார். வரும் ஞாயிறன்று இரண்டாம் முறை இரத்தம் எடுக்கிறார்கள். இருவருமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.