கதருக்காகக் குறைக்கப்பட்ட பட்டம்; உலகம் ஏற்ற மருந்து

புதுதில்லி: கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியும் தமிழகத்தின் குமரி மாவட்டமும் சந்திக்கும் எல்லை ஊர் பனச்சமூடு. இவ்வட்டாரத்தில் எவருக்கேனும் புற்றுநோய் என்றால், எந்த மாநிலத்தவராயினும் பெரும்பாலும் நாடுவது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தைத்தான். அங்கு மட்டுமன்றி, உலகெங்கும் நிணநீர்ப் புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் மருந்துகளுள் ஒன்று மெதோட்ரெக்சேட். அது உருவாக வழிவகுத்தவர் சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ல் பிறந்தார் சுப்பாராவ். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே தரப்பட்டது. அரசு மருத்துவப் பணி கைகூடாததால் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியரானார்.

மாமனாரின் பண உதவியுடன் 1922-ல் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர் பின்னர் தாயகம் திரும்பவே இல்லை. மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்து கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அது உயிர்வேதியியல் ஆய்வகங்களின் அன்றாடக் கருவியாயிற்று. எனினும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் தலைமையிலான குழு, ரத்தசோகைக்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் செயற்கையாகத் தயாரித்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மருந்தும் அங்கிருந்தே 1947-ல் வந்தது. செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. தோற்றத்தில் அதை ஒத்த போலிப் பொருளைக் கொடுத்தால் புற்றுநோய்ச் செல்களின் பெருக்கம் தடைபடும். இந்த அடிப்படையில் அமினாப்டெரின், மெதோட்ரெக்சேட் ஆகிய மருந்துகள் பிறந்தன.

பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் நோய் தாற்காலிகமாகத் தணிந்தது. இம்முடிவு 1948 ஜூனில் வெளியாயிற்று. அதற்கு இரு மாதங்களில், ஆகஸ்டில், சுப்பாராவ் தமது 53-வது வயதில் காலமானார். அமெரிக்கக் குடியுரிமையை அவர் கடைசிவரை பெறவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையைத் தாக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவர் மெதோட்ரெக்சேட் கொடுத்துப் பலன் கண்டார். மூளையைத் தாக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு இன்றும் அதுவே முக்கிய மருந்து.

ஆய்வுத் தேடல் ஓயவில்லை. மும்பை ஐஐடி, டாடா நினைவு மையம் ஆகியவற்றின் ஆய்வில் உருவான, நோயாளியின் எதிர்ப்பாற்றல் செல்களையே மாற்றியமைத்துத் தரும் சிகிச்சைக்கு 2023-ல் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. வெளிநாடுகளைவிடச் செலவு குறைவு என்றாலும் அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகிறது. மெதோட்ரெக்சேட்டோ காப்புரிமைக் கட்டு நீங்கி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. நூற்றாண்டான 1995-ல் மத்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. புதிய சிகிச்சையும் மெதோட்ரெக்சேட்டைப் போல எல்லைக் கிராமத்து ஏழைக்கு எட்டும் விலைக்கு வருவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.