ஜவ்வாது மலையடிவாரத்தின் 583 அடிப் பாட்டு: உ.வே.சா. புரியவைத்தது எப்படி?

ஜவ்வாது மலையில் பிறந்து ஓடிவருகிறது செய்யாறு. மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். இந்த ஆறு, இந்த ஊர், ஊரை ஆண்ட நன்னன் மூன்றையும் பாடிய சங்கப் பாட்டு மலைபடுகடாம். மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் கற்பனை செய்த பெயர். மொத்தம் 583 அடி. நன்னனிடம் பரிசு பெற்ற ஒரு கூத்தர், இன்னொரு கூத்தருக்கு வழி சொல்வதுதான் கதை.

இன்று இதைப் பள்ளி மாணவர்கூட உரையோடு படிக்கலாம். 140 வருடங்களுக்கு முன்னால் தமிழ்ப் பண்டிதர்களில் பெரும்பாலோர் இதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர்.

யார் இவர்?

1855-ல் பிறந்தவர். சொந்த ஊர் தஞ்சைப் பகுதியிலுள்ள உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனபோது வயது 25. அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என நிறையப் படித்திருந்தார். அந்த நம்பிக்கை அதே வருடம் ஆட்டம் கண்டது.

திருப்பம் எங்கே?

கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், இவர் படித்த நூல்களின் பட்டியலைக் கேட்டு அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. முதலியார் கொடுத்த பிரதியைத் திறந்தால், தமிழ்தான், ஆனால் புரியவே இல்லை. கல்லூரியில் பாடம் சொல்லும் பண்டிதருக்கு இது எவ்வளவு சங்கடம்!

என்ன செய்தார்?

புரிந்த மாதிரி நடிக்கவில்லை. சிந்தாமணி சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போனார். அவர் போன வீட்டில் மாவிலைத் தோரணம். சிந்தாமணியைப் படித்து முடித்ததற்கான விழா அது! பண்டிதர்கள் மறந்த நூல், அங்கே வீட்டுக்குள் உயிரோடு இருந்தது. கல்லூரி ஆசிரியர் அவர்களிடம் மாணவராக உட்கார்ந்தார்.

அடுத்த வழி, உரையைப் பிடித்துக்கொண்டு போவது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நடுநடுவே வேறு நூல்களின் அடிகளைக் காட்டுவார். பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்ல மாட்டார். அந்த அடி எங்கே இருக்கிறது என்று ஏடு ஏடாகத் தேடியபோதுதான் சங்க நூல்களின் உலகம் உ.வே.சா.வுக்குத் திறந்தது. சிந்தாமணி 1887-ல் அச்சானது.

மலைபடுகடாம் ஏன் கஷ்டம்?

ஏட்டில் புள்ளி கிடையாது. மெய்யெழுத்தா, உயிர்மெய்யா என்பதைப் பொருளை வைத்துத்தான் முடிவு செய்யணும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. எது பாட்டு, எது உரை என்று பிரிப்பதே தனி வேலை. போதாததற்கு, நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து இன்னொரு இடத்துச் சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்வார். ஆழ்வார்திருநகரி வரைக்கும் போய் ஏடு தேடினார் உ.வே.சா. கிடைத்த பிரதிகளை ஒப்பிட்டு, மலைபடுகடாம் உள்ளிட்ட பத்துப்பாட்டை 1889-ல் வெளியிட்டார்.

படிப்பவருக்கு என்ன கிடைத்தது?

உ.வே.சா. பதிப்புகளின் தனிச்சிறப்பு இதுதான். தான் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் அடுத்து வருபவருக்கு ஒரு கைப்பிடி வைத்தார். முன்னுரை, நூலாசிரியர் பற்றிய குறிப்பு, கதைச் சுருக்கம், பாட வேறுபாடுகள், அருஞ்சொல் அகராதி, ஒப்புமைப் பகுதி எனப் பதிப்புக்குப் பதிப்பு சேர்த்துக்கொண்டே போனார். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதவரும் தானாகப் படிக்க முடிந்தது இதனால்தான்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். 1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அடுத்த வருடமே அவர் பெயரில் நூலகம் உருவானது. அது இப்போது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது.

நூல் புரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் போய்க் கேட்பது, உரையில் வரும் ஒவ்வொரு மேற்கோளின் மூலத்தையும் தேடுவது, கண்டுபிடித்ததை உடனே எழுதிவைப்பது. உ.வே.சா. வழி இவ்வளவுதான். அந்த 25 வயதில் தெரியாது என்பதை அவர் மறைத்திருந்தால், செங்கத்து நன்னன் இன்னும் எத்தனை காலம் ஏட்டுக்குள்ளேயே கிடந்திருப்பானோ!