ஒளியைப் பேச வைத்த கிரகாம் பெல்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று பள்ளிச் சிறுவனும் விடை பகர்வான். ஆனால் தம் கண்டுபிடிப்புகளுள் தலைசிறந்தது எது என்ற கேள்வி எழுந்தபோது அப்பெருமகனார் தொலைபேசியைக் காட்டவில்லை. உலகம் மறந்துவிட்ட ஒளிபேசியையே காட்டினார். புகழும் பொருளும் தந்த ஒன்றை விட்டு, பயன்படாமற்போன ஒன்றை அவர் ஏன் போற்றினார்? அவருடைய வாழ்வை இன்றைய ஒளியிழைச் செய்தித் தொடர்போடு சேர்த்து நோக்குவோர்க்கு இதன் விடை விளங்கும்.

இளமை

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் மெல்வில் பெல் பேச்சொலிக் கலையில் வல்லவர். ஒவ்வோர் ஒலியையும் எழுப்பும்போது நாவும் இதழும் நிற்கும் நிலையைக் குறியீடுகளால் எழுதிக் காட்டும் முறையை வகுத்தவர் அவர். அன்னையார் எலிசா செவிப்புலன் குன்றியவர். எனினும் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். ஒலியின் அருமையை உணர்த்தத் தந்தையும், ஒலி கேளாமையின் துயரை உணர்த்தத் தாயும் அமைந்த வீடு அது.

அக்குடும்பத்தைக் காசநோய் விட்டு வைக்கவில்லை. 1867-இல் தம்பியும் 1870-இல் அண்ணனும் மாண்டனர். எஞ்சிய ஒரே மகனையாவது காத்துக்கொள்ள வேண்டுமென்று பெற்றோர் 1870-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செவிடர்க்குப் பேச்சுப் பயிற்றும் ஆசிரியரானார். 1873-இல் பாஸ்டன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. அவரிடம் பயின்ற மேபல் ஹப்பர்டு என்னும் மங்கையே பின்னாளில் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். ஐந்து வயதில் வந்த காய்ச்சலால் மேபல் செவிப்புலனை இழந்தவர்.

ஒரு கம்பியில் பல செய்திகள்

அக்காலத்தில் தந்திக் கம்பிகள் நகர வீதிகளைச் சிலந்தி வலை போல் மூடியிருந்தன. செய்திகள் பெருகப் பெருகப் புதுக் கம்பிகள் இழுக்க வேண்டியிருந்தது. ஒரே கம்பியில் ஒரே வேளையில் பல செய்திகளை அனுப்ப வழி காண்பவனுக்குப் பெருஞ்செல்வம் காத்திருந்தது. மேபலின் தந்தையார் கார்டினர் ஹப்பர்டு இதற்காகவே பெல்லுக்குப் பொருளுதவி செய்தார்.

பெல் கண்ட வழி இசையின் வழி. ஒரே சுருதியில் சேர்த்த இரண்டு தம்புராக்களுள் ஒன்றன் தந்தியை மீட்டினால் மற்றதன் தந்தியும் தானே அதிரும். சுருதி வேறுபட்டால் அதிராது. அதுபோலவே, வெவ்வேறு சுருதியுள்ள எஃகு நாக்குகளை ஒரு முனையில் அதிரச் செய்தால் அவற்றின் துடிப்புகள் யாவும் ஒரே கம்பியில் கலந்து செல்லும். மறுமுனையில் உள்ள நாக்குகள் ஒவ்வொன்றும் தன் சுருதிக்குரிய செய்தியை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

எண்ணம் எளிது, செயல் அரிது. 1875 சூன் 2-ஆம் நாள் உதவியாளர் வாட்சன் ஒட்டிக்கொண்ட ஒரு நாக்கை விரலால் நிமிண்டினார். அந்த ஒலி தன் இனிமையெல்லாம் குன்றாமல் மறு அறையில் இருந்த பெல்லின் காதில் விழுந்தது. சுருதி ஒன்று போகுமாயின் மனிதக் குரலும் போகுமன்றோ என்று அவர் உள்ளம் துள்ளியது. 1876 மார்ச்சு 7-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. மூன்றாம் நாள் வாட்சனைப் பெயர் சொல்லி அழைத்த பெல்லின் குரல் கம்பி வழியே சென்றது. பல செய்தித் தந்தியைத் தேடிச் சென்றவர் தொலைபேசியைக் கண்டார். தேடிய பொருளோ கைகூடாமலே நின்றுபோயிற்று.

1877-இல் திருமணம் நடந்தது. தொலைபேசி நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எல்லாம் பெல் மணமகளுக்குப் பரிசாக அளித்துவிட்டார்.

ஒளிபேசி

கம்பி வேண்டாம், கதிரவன் ஒளியே போதும் என்பது அவருடைய அடுத்த கனவு. மெல்லிய ஆடியொன்றின் பின்புறம் பேசினால் குரலுக்கேற்ப ஆடி குவிந்தும் குழிந்தும் அதிரும். அதில் பட்டுச் செல்லும் ஒளிக்கற்றை அதற்கேற்ப வலுத்தும் மெலிந்தும் துடிக்கும். தொலைவில் செலினியம் அவ்வொளியை ஏற்கும். ஒளி கூடினால் செலினியத்தின் மின்தடை குறையும்; ஒளி குறைந்தால் தடை கூடும். அதனோடு இணைத்த தொலைபேசிக் குழலில் குரல் மீண்டும் கேட்கும்.

1880-இல் வாசிங்டன் நகரில் பிராங்க்ளின் பள்ளியின் உச்சியில் நின்று உதவியாளர் டெயின்டர் பேசினார். 213 மீட்டர் அப்பால் தம் ஆய்வகத்தில் அதைக் கேட்ட பெல், சாளரத்தின் வழியே தொப்பியை ஆட்டி அறிவித்தார். அவ்வாண்டு பிறந்த இரண்டாவது மகளுக்கே ஒளிபேசி என்று பெயரிட விரும்பினாராம், மேபல் இசையவில்லை!

ஆயினும் மழையும் மூடுபனியும் மேகமும் ஒளியை மறித்தன. சிறிது தூரம் செல்வதற்குள் ஒளி மெலிந்தது. மெலிந்ததை மீண்டும் வலுவாக்கும் கருவி அன்று இல்லை. ஒளிபேசி காட்சிப் பொருளாகியது.

கம்பியிலும் இதே இடர் இருந்தது. அதைத் தீர்த்தது வெற்றிடக் குழல் பெருக்கி. 1915 சனவரி 25-ஆம் நாள் நியூயார்க்கில் பெல்லும் சான்பிரான்சிஸ்கோவில் வாட்சனும் உரையாடினர். பழையபடி உடனே வருமாறு பெல் அழைக்க, இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகுமே என்றார் வாட்சன். வழியில் வைத்த பெருக்கிகளே அக்குரலைக் கண்டம் கடத்தின. ஒளியைப் பெருக்குவதற்கான அடிப்படைக் கொள்கையையும் அவர் காலத்திலேயே, 1917-இல், ஐன்ஸ்டைன் வெளியிட்டார். ஆனால் அக்கருவியைக் காண பெல் இல்லை. 1922 ஆகஸ்டு 2-ஆம் நாள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அவர் மறைந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

அவர் வாழ்வில் குறையே இல்லையெனக் கூறுதல் நேர்மையாகாது. ஹெலன் கெல்லர் தம் வாழ்க்கை வரலாற்றை அவருக்கே படைத்தார் என்பது உண்மை. செவிடர்க்குச் சைகை மொழி வேண்டாம், வாய்ப்பேச்சே வேண்டும் என அவர் வற்புறுத்தியது தங்களுக்குத் தீங்காயிற்று என்று அம்மக்களுள் பலர் கருதுவதும் உண்மை.

கனவு பலித்த கதை

ஒளியை மழையும் பனியும் தீண்டாமல் கொண்டு செல்லக் கண்ணாடி இழை உதவும் என்று 1966-இல் சார்லசு காவோவும் ஹாக்ஹாமும் காட்டினர். 1970-இல் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையைச் செய்தது. ஓர் இழையில் பல அலைநீள ஒளிகளைச் சேர்த்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கும் முறையும் வந்தது. பெல்லின் எஃகு நாக்குகளுக்குப் பதிலாக லேசர்கள். சுருதிகளுக்குப் பதிலாக அலைநீளங்கள். ஒரு கம்பியில் பல செய்திகள் என்ற பழைய கனவு இதுவேயன்றோ?

இங்கும் தூரம் குறுக்கிட்டது. நல்ல இழையிலும் 100 கிலோமீட்டர் சென்றால் ஒளி நூறில் ஒரு பங்காக மெலிகிறது. முன்னர் அதை மின்சாரமாக்கி, சீர்செய்து, மீண்டும் ஒளியாக்கினர். நாற்பது அலைநீளங்கள் சென்றால் நிலையந்தோறும் நாற்பது கருவிகள் வேண்டும், செலவுக்குக் கட்டுபடியாகுமா?

விடை ஓர் அரிய தனிமத்தில் இருந்தது. பெல் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1843-இல், சுவீடன் நாட்டு மோசாண்டர் கண்ட எர்பியமே அது. 1987-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக் கழகத்தில் டேவிட் பேனும் அவர் குழுவினரும் எர்பியம் சிறிது கலந்த இழையால் ஒளியைப் பெருக்கிக் காட்டினர். அமெரிக்காவில் பெல்லின் பெயர் தாங்கிய ஆய்வகத்தில் டெசுர்வியரும் அவ்வாண்டே அதைச் செய்தார். 980 நானோமீட்டர் அலைநீள லேசர் எர்பியத்துக்கு ஆற்றல் ஊட்டுகிறது. மெலிந்த செய்தி ஒளி அவ்வழியே வரும்போது, எர்பியம் தன் ஆற்றலை அச்சு அசலாக அதே ஒளியாக வெளிவிடுகிறது. சிறப்பு யாதெனில், 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையுள்ள எல்லா அலைநீளங்களையும் ஒரே பெருக்கி ஒருசேர வலுவாக்குகிறது என்பதே. எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்காமையும், சிறிது இரைச்சலைச் சேர்ப்பதும் அதன் குறைகள். வடிகட்டிகளாலும் தக்க இடைவெளியாலும் அவற்றை அடக்கி வைக்கின்றனர். நம் சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட விளைவும் இன்று ஒளிப் பெருக்கியாகப் பணிபுரிவது நமக்குப் பெருமை.

பெல்லின் பல செய்தித் தந்தி கைவிடப்பட்டது, ஒளிபேசி மறக்கப்பட்டது. அவ்விரு எண்ணங்களும் பிழையானவை அல்ல. தாங்கிச் செல்ல இழையும், தளர்ந்தபோது தூக்கிவிடப் பெருக்கியும் இல்லாமற்போனதே குறை. இன்று கடலடியில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் செய்திகள் ஒளியாகவே, பல அலைநீளங்களாகவே செல்கின்றன. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்து தோற்ற சோதனைகளின் ஏடுகளை எறிந்துவிடாமல் வைத்திருப்போமாக!