மூடுபனியை வென்ற டூலிட்டில்

லிந்துலையில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பாலுள்ள தேயிலைச் செடியும் கண்ணுக்குப் புலனாகாது. நடந்து செல்வோன் நின்று வழி தேடலாம். பறக்கும் ஆகாயவிமானம் நிற்க இயலாது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கட்டுநாயக்கவை நோக்கித் தாழ்ந்து வந்த விமானமொன்று, தானிருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்தமையால், மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். கண் காணாதவிடத்து எங்ஙனம் இறங்குவது என்னும் வினா எத்துணைக் கொடியது என்பதை நம் மலைநாடு அன்று கண்டது. அவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முன்னின்றவர் ஜேம்ஸ் டூலிட்டில்.

அமெரிக்காவிலே கலிபோர்னியாவில் 1896 டிசம்பர் 14ஆம் நாள் பிறந்த இவர், இளமையை அலாஸ்காவின் நோம் என்னும் பனியூரிற் கழித்தார். முதலாம் உலகப் போரின்போது படையிற் சேர்ந்து விமானியானார். 1922இல் அமெரிக்கக் கண்டத்தை ஒரு நாளுக்குள் குறுக்காகக் கடந்து புகழ் பெற்றார். துணிச்சற்காரர் என்றே உலகம் அவரை எண்ணிற்று. அவரோ ஏட்டுக் கல்வியையும் கைவிட்டாரல்லர். மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று 1925இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

மேகத்தினுள் விமானிக்குப் பகையாவது அவனது உடலே. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெடுநேரம் வளைந்து செல்லுமாயின், உட்செவி அதனை நேரான செலவென்றே உணர்த்தும். அவ்வுணர்வை நம்பி வீழ்ந்தோர் பலர். ஆதலின் உணர்வை விடுத்துக் கருவியைப் பற்றுதல் வேண்டுமெனக் கண்டார் டூலிட்டில். நுண்ணிய உயரமானி, செயற்கை அடிவானம், திசை காட்டும் சுழல்கருவி, வழிகாட்டும் வானொலிக் கதிர் ஆகியவற்றைத் துணைக்கொண்டார். 1929 செப்டெம்பர் 24ஆம் நாள் நியூயோர்க்கை அடுத்த மிச்சல் திடலில், திரையிட்டு மூடிய இருக்கையில் அமர்ந்து, வெளியே யாதொன்றும் காணாமல் எழுந்து, பறந்து, இறங்கினார். காப்புக்காக முன்னிருக்கையில் இருந்த கெல்சி என்னும் விமானி, இயக்குகருவிகளைத் தொடவில்லை.

அன்று அவருக்கு இடவலம் காட்ட வானொலிக் கதிர் இருந்தது. இறங்குசரிவைக் காட்டக் கதிர் இல்லை. அது பின்னர் அமைந்தது. இன்று பெரும்பாலான ஓடுபாதைகளில் அச்சரிவு 3 பாகை. அஃதாவது 1000 மீற்றர் முன்செல்ல ஏறத்தாழ 52 மீற்றர் தாழ்தல். 1965 ஜூன் 10ஆம் நாள், பயணிகளுடன் வந்த டிரைடன்ற் விமானமொன்று இலண்டனில் தானியங்கியாலேயே தரையைத் தொட்டது.

ஆயினும் தானியங்கிக்கும் எல்லையுண்டு. பல பெரிய விமானங்களில் 2.5 பாகைக்கும் 3.25 பாகைக்கும் இடைப்பட்ட சரிவிலேயே அதனை இறக்கத்துக்குப் பயன்படுத்தலாம். வினாடிக்கு 70 மீற்றர் செல்லும் விமானம் 3 பாகைச் சரிவில் வினாடிக்கு 3.7 மீற்றர் தாழும். இலண்டன் நகர விமான நிலையத்தின் 5.5 பாகைச் சரிவிலோ 6.7 மீற்றர் தாழும். நிலத்தை அணுகிய இறுதிச் சில வினாடிகளுள் அவ்வீழ்ச்சியை அடக்கி மெல்லத் தொடுதல் வேண்டும். சரிவு மிகின் அதற்குக் காலம் போதாது. குறையின் விமானம் நெடுந்தொலைவு நிலத்தையொட்டித் தாழ்ந்து வர நேரும், தொடுமிடமும் தவறும். முக்காற் பாகையளவான இச்சிற்றிடைவெளியே பல நூறு உயிர்க்கு வேலியாக நிற்கின்றது.

1932இல் வேகப் பந்தயத்தில் வாகை சூடிய டூலிட்டில், அத்துடன் பந்தயங்களைத் துறந்தார். 1942 ஏப்ரல் 18ஆம் நாள் 16 குண்டுவீச்சு விமானங்களுக்குத் தலைமை தாங்கி யப்பானைத் தாக்கியமையே வரலாற்று நூல்களில் அவர் பெயரைப் பெரிதாக்கியது. 1993 செப்டெம்பர் 27ஆம் நாள், தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

போரில் அவர் ஆற்றிய செயல் உயிர்களை மாய்த்தது. திரைக்குள் அமர்ந்து ஆற்றிய 15 நிமிடச் செயலோ, பனியினூடே இல்லம் திரும்பும் எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகின்றது. தன் உணர்வும் பிழைக்கும் என்றறிந்து அளவுக்கு அடங்கி நடந்த அப்பணிவையே, அவருடைய வீரங்களுள் தலையாயதாகக் கொள்ளல் தகும்.