தட்டில் படம் பிடித்தவர்

டெலிவிஷனை உலகுக்கு முதலில் காட்டிய ஜான் லோகி பேர்டு, 1888-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறு வயது முதலே நோயாளி. 1926-ல் லண்டனில், அசையும் முகத்தை டெலிவிஷனில் காட்டி விஞ்ஞானிகளை வியக்க வைத்தார்.

அதோடு நின்றாரா? இல்லை. அந்தப் படத்தைச் சேமித்து வைக்கவும் ஆசைப்பட்டார். 1927-28-ல் படத்தை மின் அலைகளாக்கி, கிராமபோன் தட்டுகளில் பதித்தார். ஆனால் தட்டைச் சுழல விட்டபோது படம் தெளிவாக வரவில்லை. முயற்சியைக் கைவிட்டார். 1946-ல் காலமானார்.

2000-ம் ஆண்டில், தட்டிலேயே படம் பதியும் கைக்காமிரா விற்பனைக்கு வந்தது. ஊசி செய்த வேலையை அதில் லேசர் ஒளி செய்தது.

பேர்டின் தட்டுகள் என்ன ஆயின? 1980-களில் கம்ப்யூட்டர் உதவியால் அவற்றைச் சீர்படுத்தினார்கள். மனித முகங்கள் தெரிந்தன! பேர்டு பார்க்க முடியாமல் போன படத்தை உலகம் பார்த்தது.