தோட்ட மக்களுக்குத் துணிவு தந்த பி.பி.நாராயணன்

சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்குப் பி.பி.நாராயணன் என்ற பெயர் புதிதல்ல. கேரளத்தின் திருச்சூரில் 1923இல் பிறந்து மலாயாவுக்கு வந்தவர் அவர். தாய்மொழி மலையாளம் என்றாலும், அவரது வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது தோட்டங்கள் நொறுங்கிக் கிடந்தன. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆண்களில் பலர் திரும்பவே இல்லை. லயங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். அந்தத் துயரத்துக்கு நடுவில்தான் நாராயணன் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே.

1948இல் அவசரகாலம் வந்தது. சங்கங்கள் பல கலைந்தன. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். காட்டிலிருந்து வந்த மிரட்டல் ஒரு பக்கம், அரசாங்கத்தின் சந்தேகம் மறுபக்கம். சங்கம் என்று சொல்லவே மக்கள் அஞ்சிய அந்த நாள்களில் நாராயணன் ஒதுங்கவில்லை. சட்டத்துக்கு உட்பட்டுச் சங்கத்தை மீண்டும் கட்டலாம் என்று நம்பினார். மலாயா தொழிற்சங்கக் காங்கிரஸின் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலை பின்னர் சரிந்தது. விலையோடு கட்டப்பட்டிருந்த கூலியும் இறங்கியது. தனித்தனிச் சங்கங்களாக நின்றால் தாங்க முடியாது என்பது தெளிவானது. அவை ஒன்றிணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக அது வளர்ந்தது. கிராணியிடமும் துரையிடமும் தனியாக வாய் திறக்கத் தயங்கிய பால்மரத் தொழிலாளிக்கு, மாதச் சந்தா கட்டிய அந்தச் சங்கம் ஒரு துணையாக நின்றது. தன் குறையைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே பல குடும்பங்களுக்குத் தெம்பு தந்தது.

1962இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. 1975 முதல் 1992 வரை அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார்.

அவர் பாதை எல்லாருக்கும் பிடித்ததாகச் சொல்ல முடியாது. மிகவும் மிதமாகப் போகிறார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் இழந்ததைச் சங்கத்தால் தடுக்க இயலவில்லை. மாதச் சம்பளக் கோரிக்கையும் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. தோல்விகளுக்குப் பின்னும் அவர் பேச்சுவார்த்தை மேசைக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1996இல் காலமானார்.

இன்று ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை நிற்கிறது. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டன. அங்கே வேலை போனாலும் கடன் நெருக்கினாலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கலங்குவோர் நம்மிடையே உள்ளனர். போரும் அவசரகாலமும் அடுத்தடுத்து அடித்தபோது அவர்களின் தாத்தா பாட்டிகள் சங்கத்தில் பெயர் பதிந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு கூட்டத்துக்குப் போனார்கள். அந்தப் பழக்கம் அடுக்குமாடியிலும் தொடர்ந்தால் நல்லது.